நியூட்ரலில் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறீர்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வோம்

காம்போ (ஒன்றோடொன்று சேர்ந்து தொடராக விழும் அடிகள்) எல்லாம் டிரெயினிங் மோடில் நன்றாக வருகிறது. ஆனால் உண்மையான ஆட்டத்தில் அதைத் தொடங்கவே வழி கிடைப்பதில்லை. பட்டனை அழுத்தினால் அடி, அழுத்தாமல் நின்றாலும் அடி. ஃபைட்டிங் கேமில் இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இன்னும் பெரிய காம்போ கற்றுக்கொள்ளப் போய்விடுகிறார்கள். பழுது அங்கே கிடையாது. இருவரும் தூரத்தில் நின்று, யார் முதலில் தொடுவது என்று பார்க்கும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் நியூட்ரல் என்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐயும், அதில் ரியூ என்ற கதாபாத்திரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். எண்கள் எல்லாம் அந்த கேமுக்குரியவை. ஃப்ரேம் என்பது திரையில் வரும் ஒரு படம், விநாடிக்கு 60 ஃப்ரேம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் தோற்ற ஒரு ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறங்கள். இருவரும் என்ன அழுத்தினார்கள் என்பதையும் ஃப்ரேம் மீட்டரையும் திரையில் காட்டச் செய்துகொள்ளுங்கள். பெரிய அடி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இரண்டு விநாடி பின்னால் போங்கள். மூன்று கேள்வி போதும்: எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? எந்த பட்டனை அழுத்தினீர்கள்? அதற்கு முந்தைய தடவையும் அதே தாளத்தில்தான் அழுத்தினீர்களா? நான் பார்த்தவரை, இந்த மூன்றும் ஒன்றாக மாறாமல் இருக்கும்போதுதான் எதிராளிக்கு வேலை எளிதாகிறது. மூன்றில் ஒன்றை மாற்றினாலே அவர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். இனி உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

"என் குனிந்த மீடியம் கிக் காற்றில் போகிறது. உடனே காலை வாரிவிடும் ஸ்வீப் விழுகிறது, இல்லை முழுக் காம்போவே விழுகிறது"

எல்லாவற்றிலும் அதிகம் வரும் பழுது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

டிரெயினிங் மோடில் ரியூவின் குனிந்த மீடியம் கிக்கை (குனிந்தபடி விடும் நடுத்தர உதை) காற்றில் போட்டு, கீழே ஓடும் ஃப்ரேம் மீட்டரைப் பாருங்கள். முதலில் பச்சைக் கட்டங்கள்: கால் கிளம்புகிறது, இன்னும் அடிக்காது. 8-ஆவது ஃப்ரேமில் சிவப்பு தொடங்கும்: இப்போதுதான் அடி இருக்கிறது. சிவப்பு வந்த வேகத்தில் முடிந்து, அதன்பின் நீளமாக நீலம் ஓடும். நீலம் முழுவதும் ரியூவால் பிளாக் செய்யவும் (அடியைத் தடுக்கவும்) முடியாது, நகரவும் முடியாது. நீட்டிய கால் திரும்பும் வரை அதுவும் அடிபடக்கூடிய உடம்புதான். அந்த நீலத்தில் அடி வாங்கினால் பனிஷ் கவுண்டர்: சேதம் 20 சதவீதம் கூடும், எதிராளிக்கு வழக்கத்தைவிட 4 ஃப்ரேம் அதிகமாகக் கிடைக்கும். சாதாரணமாகச் சேராத பட்டன்கள்கூட அப்போது காம்போவாகச் சேரும்.

அடுத்து அளவு எடுக்க வேண்டும். டிரெயினிங் அறையின் தரையில் கட்டம் போட்டிருக்கிறது, அது அலங்காரத்துக்கு மட்டுமில்லை. எதிரே உள்ள பொம்மையைக் குனிந்து பிளாக் செய்ய வைத்து, உங்கள் கிக் நுனிக்கால் மட்டும் படும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே நடுவில் எத்தனை கட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இம்மி பின்னால் போய் மறுபடி அழுத்துங்கள். படாது. அந்த இம்மிதான் உங்கள் எல்லை. இதேபோல உங்களை அதிகம் தோற்கடிக்கும் கதாபாத்திரத்தின் முக்கிய ‘போக்’ அடிக்கும், அதாவது தூரத்திலிருந்து தொட்டுப் பார்க்கும் அடிக்கும், அளவெடுங்கள். இரண்டு எல்லையும் தெரிந்துவிட்டால் மைதானம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

அளவு தெரிந்தும் கிக் காற்றில் போகிறதென்றால், நீங்கள் அழுத்தும் நேரம் தவறு. எதிராளி பின்னால் நடந்துகொண்டிருக்கும்போது எல்லையில் நின்று அழுத்தினால் கால் போய்ச் சேருமுன் அவர் விலகியிருப்பார். அவர் முன்னால் வரும்போது அழுத்துங்கள். உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும் அந்த 8 ஃப்ரேமுக்குள் அவரே வந்து வாங்கிக்கொள்வார். சரி, அவர் முன்னால் வருகிறாரா பின்னால் போகிறாரா என்று எப்படித் தெரியும்? எதையும் அழுத்தாமல் ஒரு அடி முன்னே வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த அடிக்கு அவர் பின்வாங்கினால், உங்கள் விஃபுக்காக, அதாவது உங்கள் அடி காற்றில் போவதற்காகக் காத்திருக்கிறார். எதையாவது அழுத்தினால், உங்களை நிறுத்தப் பார்க்கிறார். அப்படியே நின்றால், இன்னொரு அடி வைக்கலாம்.

கபடியில் பாடிப் போகிறவர் கோட்டைத் தாண்டியதும் கையை வீசிவிடுவதில்லை. உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று ஆட்டிப் பார்த்து, பிடிக்க வருகிறவர் அவசரப்படும் நொடியில்தான் தொடுவார். போக் போடுவதும் அதுதான். வெறுமனே நடப்பதும் நிற்பதும்கூட உங்கள் ஆட்டத்தில் ஒரு பகுதி.

கடைசியாக, பட்டனை மாற்றுங்கள். எல்லைக்கு வெளியே ஒரு ஜாபை (லைட் பஞ்ச்) வேண்டுமென்றே காற்றில் விடுங்கள். ஜாப் 4 ஃப்ரேமில் கிளம்பும், சீக்கிரம் திரும்பிவிடும். உங்கள் மீடியம் கிக்குக்காகக் காத்திருப்பவர் ஏதோ அசைவதைப் பார்த்ததும் ஸ்வீப்பை விடுவார். அவர் கால் வந்து சேரும்போது நீங்கள் பிளாக்கில் இருப்பீர்கள், அல்லது அவர் ஸ்வீப்பே காற்றில் போயிருக்கும். இரண்டில் எதுவானாலும் இப்போது நீலத்தில் இருப்பது அவர்தான்.

"எப்போது அழுத்தினாலும் அவருடைய அடிதான் முந்துகிறது"

முதலில் ரீப்ளேயில் ஒன்றைப் பாருங்கள்: அடி வாங்குமுன் உங்கள் முந்தைய போக்கை அவர் பிளாக் செய்திருந்தாரா? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். குனிந்த மீடியம் கிக்கை அவர் பிளாக் செய்தால், அவர் உங்களுக்கு முன்பே விடுபட்டுவிடுவார். நீங்கள் உடனே இன்னொரு மீடியம் கிக் அழுத்தினால், ஏற்கெனவே பின்தங்கிய நீங்கள் மேலும் 8 ஃப்ரேம் காத்திருக்கிறீர்கள். அவர் சாதாரணமாக ஒன்றை அழுத்தினாலே முந்திவிடுவார். அது கவுண்டர் ஹிட்டாகும். சேதமும் கூடும், 2 ஃப்ரேமும் அவருக்குச் சேரும்.

மருந்து கசப்பானது: ஒரு போக் பிளாக் ஆனால் அடுத்து ஒன்றும் அழுத்தாதீர்கள். குனிந்து பிளாக் செய்யுங்கள், அல்லது அரை அடி பின்னால் போங்கள். "இப்போது என் முறை" என்று நினைத்து அவர் அழுத்தும் பட்டன் உங்களுக்கு முன்னால் காற்றில் போகும். அதைத் தண்டிப்பதுதான் உங்கள் முறை.

முந்தைய போக் எதுவுமே இல்லாமல் முந்துகிறார் என்றால், தூரத்துக்குப் பொருந்தாத பட்டனை அழுத்துகிறீர்கள். நீளமான அடி மெதுவாகக் கிளம்பும், கிளம்பும்போதே நீட்டிய கை கால் அடிபடும். இன்னும் கிட்டத்தில் நின்றால் குனிந்த மீடியம் பஞ்சுக்கு வாருங்கள். அது 6 ஃப்ரேம். நீளம் குறைவுதான், ஆனால் அவருடைய நீட்டிய காலைத் தட்டிவிட அந்த இரண்டு ஃப்ரேம் பல சமயம் போதும். அவருடைய ஒரே போக்தான் எப்போதும் முந்துகிறதென்றால் அதன் எல்லைக்கு வெளியே போய் நிற்பது இன்னும் நல்லது. அங்கிருந்து ஹடோக்கென் (ரியூ கையால் வீசும் சக்திப் பந்து) போட்டால் நடந்து வர வேண்டியவர் அவர்தான்.

"பயந்து பின்னால் போய்ப் போய் கார்னரில் மாட்டிக்கொள்கிறேன்"

பின்னால் நடப்பது பாதுகாப்பு என்று கை நம்புகிறது. ஆனால் நேராகப் பின்னால் அழுத்தி நடக்கும்போது நீங்கள் நின்றபடிதான் பிளாக் செய்கிறீர்கள். தாழ்வான அடி உள்ளே நுழைந்துவிடும். குனிந்த மீடியம் கிக் இத்தனை பிரபலமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தவிர, பெரும்பாலான கதாபாத்திரங்களுக்குப் பின்னால் நடக்கும் வேகம் முன்னால் நடப்பதைவிடக் குறைவு. துரத்துகிறவர் எப்போதும் எட்டிப் பிடிப்பார்.

குனிந்தே உட்கார்ந்து பிளாக் செய்வதும் இந்த கேமில் இலவசம் கிடையாது. பிளாக் செய்யும் ஒவ்வொரு அடிக்கும் டிரைவ் மீட்டர் (சிறப்பு உத்திகளுக்குச் செலவாகும் அளவுப்பட்டை) குறையும். ஆறு கட்டமும் தீர்ந்தால் பர்ன்அவுட்: ஹடோக்கென் மாதிரி ஸ்பெஷல் அடிகளை பிளாக் செய்தாலும் உயிர் குறையும், பிளாக்கிலிருந்து விடுபட 4 ஃப்ரேம் கூடுதலாகும், கார்னரில் டிரைவ் இம்பாக்டை (அடியைத் தாங்கிக்கொண்டே வரும் கனத்த அடி) பிளாக் செய்தால் மயங்கி நிற்க வேண்டியதுதான். எதிராளியின் சின்னச் சின்ன போக்குகள் படாவிட்டாலும் இப்படித்தான் அவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கின்றன.

எனவே பயிற்சி இது: ஒரு முழு ஆட்டத்தில், முன்னால் நடப்பது, பிளாக் செய்வது, ஜாப், த்ரோ (பிடித்து எறிவது) இவை மட்டும். வேறெதுவும் வேண்டாம். ஜெயிக்க மாட்டீர்கள், பரவாயில்லை. இரண்டு அடி நடந்து நின்று பிளாக் செய்தால் பாதிப் பேர் எதையாவது அழுத்தி உங்கள் பிளாக்கில் போடுவார்கள், மீதிப் பேர் பின்வாங்குவார்கள். பின்வாங்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சேரும் இடம். நான்கைந்து ஆட்டம் இப்படி ஆடிப் பாருங்கள், எதிராளிக்கும் பயம் இருக்கிறது என்பது கண்ணால் தெரியும். அப்புறம் போக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"என் போக் படுகிறது, ஆனால் ஒரு உதையோடு முடிந்துவிடுகிறது"

குனிந்த மீடியம் கிக் படுவதைப் பார்த்துவிட்டு ஹடோக்கென் போட முயல்கிறீர்கள். அந்த ஒற்றை அடியைப் பார்த்து முடிவெடுக்க நேரம் போதாது. பார்க்காமலே போடுங்கள்: கிக் அழுத்தியவுடன் ஹடோக்கெனுக்கான அசைவையும் பஞ்சையும் கொடுத்துவிடுங்கள். கிக் எதன் மீதாவது பட்டால்தான் ஹடோக்கென் வெளியே வரும். காற்றில் போனால் கிக் மட்டும்தான் நடக்கும். பட்டனை மிகத் தாமதமாக அழுத்தினால் கிக் முடிந்தபின் தனி ஹடோக்கெனாகக் கிளம்பிவிடும், அதை மட்டும் கவனியுங்கள். பொம்மையின் எல்லைக்கு ஒரு இம்மி வெளியே நின்று, கிக் மட்டும் வரும்படி பழகினால் கை தானாகச் சரியாகிவிடும்.

இதே முறையில், முன்னால் பாய்ந்து ஓடும் டிரைவ் ரஷ்ஷையும் கிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம். செலவு மூன்று கட்டம், அதாவது மீட்டரில் பாதி. பட்டால் பெரிய காம்போ, பிளாக் ஆனாலும் உங்கள் முறை தொடரும். ஆனால் எல்லா கிக்கிலும் இதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது தடவையிலேயே மீட்டர் காலி. ஹடோக்கெனை வழக்கமாக வைத்துக்கொண்டு, எதிராளி முன்னால் வந்து அழுத்துகிற ஆள் என்று தெரிந்தபின் டிரைவ் ரஷ்ஷுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

"தாவிக்கொண்டே இருக்கிறார், ஒரு தடவைகூட நிறுத்த முடியவில்லை"

முன்னால் ஒரு தாவல் ஏறக்குறைய 45 ஃப்ரேம், அதாவது முக்கால் விநாடி. பார்த்து ஷோர்யுக்கென் (எழும்பி மேல்நோக்கிக் குத்தும் அடி) போடத் தாராளமாக நேரம் இருக்கிறது. அப்படியும் முடியவில்லை என்றால் தாவும் நொடியில் நீங்கள் ஏதோ ஒரு நீளமான போக்கில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது மனம் முழுக்கத் தரையிலேயே இருக்கிறது. ரீப்ளேயில் எது என்று பார்த்துவிடலாம்.

முதலாவது என்றால் எதிராளி உங்கள் தாளத்தைப் பிடித்துவிட்டார். ஒரு ஹடோக்கென், கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று, அதே இடைவெளியில் மூன்றாவது. அந்த மூன்றாவதுக்குத்தான் தாவுகிறார். மூன்றாவதைப் போடாமல் நில்லுங்கள், தாவுபவர் உங்கள் முன்னால் வந்து விழுவார். லைட் ஹடோக்கென் மெதுவாகப் போகும், ஹெவி வேகமாகப் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலே அவர் தாவும் கணக்குத் தவறும்.

இரண்டாவது என்றால், ஒரு ஆட்டம் முழுக்கத் தரையில் ஜாப் மட்டும் போட்டு, தாவலை மட்டும் எதிர்பார்த்து ஆடுங்கள். ஷோர்யுக்கென் அவசரத்தில் வரவில்லையென்றால் குனிந்த ஹெவி பஞ்ச் ஒரே பட்டன், சேதம் குறைவானாலும் வேலையைச் செய்யும். தாவினால் அடி விழும் என்று எதிராளி நம்பும் வரை உங்கள் தரை போக்குகளுக்கு மதிப்பே இருக்காது.

"போக் போட்டாலே டிரைவ் இம்பாக்ட் வருகிறது"

டிரைவ் இம்பாக்ட் கிளம்ப 26 ஃப்ரேம். இரண்டு அடிவரை தாங்கிக்கொண்டு வரும். ஒரே போக்கை ஒரே தாளத்தில் போடுபவர்கள் மீதுதான் இதை வீசுவார்கள். முக்கியமாக ஸ்வீப் மாதிரி, வேறெதற்கும் மாற்ற முடியாத பட்டன் அழுத்தும்போது இது வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குனிந்த மீடியம் கிக், மீடியம் பஞ்ச் போன்றவை இதில் பாதுகாப்பு. அவை இம்பாக்ட் மீது பட்டதும் உங்கள் இம்பாக்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், பின்னால் வந்தது ஜெயிக்கும். மாற்ற முடியாத நீள அடிகளை ரவுண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்து, எதிர்பாராத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு கார்னரில் இருக்கும்போது அவற்றைத் தொடவே வேண்டாம்.

"பச்சையாக ஓடி வந்து உள்ளே நுழைந்துவிடுகிறார்"

பேரியிலிருந்து (வரும் அடியை ஏற்று வாங்கிக்கொள்ளும் தற்காப்பு) கிளம்பும் டிரைவ் ரஷ் இது. செலவு ஒரே ஒரு கட்டம். அப்படி ஓடி வந்து போடும் அடிக்கு 4 ஃப்ரேம் கூடுதல் லாபம் உண்டு. அதனால்தான் பிளாக் செய்தும் அவர் முறை முடிவதேயில்லை. பச்சை நிறத்தைப் பார்த்ததும் ஜாப். அவ்வளவுதான். பெரிய அடி வேண்டாம், யோசனையும் வேண்டாம். ஜாப் பட்டால் ஓட்டம் நின்றுவிடும். இரண்டு தடவை ஜாபில் மோதியவர் மூன்றாவது தடவை தயங்குவார், மறுபடி நடக்க ஆரம்பிப்பார். ரஷ் அதிகம் செய்யும் ஆளிடம் நீள போக்குகளைக் குறைத்து, ஜாப் கையில் தயாராக இருக்கும்படி ஆடுங்கள்.

"என்ன போட்டாலும் பேரி செய்கிறார்"

நடந்து போய் த்ரோ. பேரியில் இருப்பவர் மீது விழும் த்ரோ பனிஷ் கவுண்டராகும், சேதம் நன்றாகவே வலிக்கும். த்ரோ 5 ஃப்ரேமில் கிளம்பும், ஆனால் கிட்டே போனால்தான் பிடிக்கும். எனவே முதலில் ஒரு போக், அதைப் பேரி செய்யப் பழகிய பின் அதே இடத்தில் போக் போடாமல் இரண்டு அடி நடை.

"அவர் விஃப் செய்வது தெரிகிறது, என் கை வருவதற்குள் முடிந்துவிடுகிறது"

2024-இல் ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியில், கேமி என்ற கதாபாத்திரத்தை வைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பட்டம் வென்ற ஆட்டக்காரர் பங்க் இந்த வித்தைக்குப் பேர்போனவர். அவர் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் அந்த வேகத்தைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள். வேகம் உண்மைதான். ஆனால் அவர் கால்களைப் பாருங்கள்: எதிராளியின் எல்லையில் உள்ளே வெளியே ஆடிக்கொண்டே இருக்கும். எந்த அடி வரும் என்று பெருமளவுக்கு முன்பே எதிர்பார்த்துத்தான் நிற்கிறார். எதற்கு வேண்டுமானாலும் தயார் என்று நிற்பவருக்கு கால் விநாடி, அதாவது 15 ஃப்ரேம், கண்ணிலிருந்து கைக்கு வரவே போய்விடும். ஒரே ஒரு அடிக்காகக் காத்திருப்பவருக்கு அவ்வளவு ஆகாது.

பயிற்சிக்கு, பொம்மைக்கு மூன்று பதிவு கொடுங்கள். ஒன்றில் முன்னால் நடந்து நீளமான ஹெவி ஒன்றைக் காற்றில் விடட்டும். இன்னொன்றில் நடந்து நின்றுவிடட்டும். மூன்றாவதில் ஜாப் மட்டும். மூன்றையும் கலைத்துப் போட்டு ஓட விடுங்கள். எல்லைக்குச் சற்று வெளியே நின்று, ஹெவிக்கு மட்டும் குனிந்த மீடியம் கிக் போடுங்கள். ஜாபுக்குக் கை அசையக்கூடாது, அதுதான் இதில் கஷ்டம். ஜாபுக்கும் ஏமாந்து அழுத்துகிறீர்கள் என்றால், நிஜ ஆட்டத்தில் எதிராளி உங்களை இப்படித்தான் இழுக்கிறார் என்று அர்த்தம்.

வேகமாகத் திரும்பும் லைட் அடிகளையும் சில மீடியம்களையும் தண்டிக்க முயல வேண்டாம். அவற்றுக்குப் பதில் வேறு: அவர் அழுத்துவார் என்று தோன்றும் இடத்தில், தூரத்திலிருந்து உங்கள் அடியை முன்கூட்டியே அங்கே போட்டு வைப்பது. நீட்டிய கை வந்து அதில் மோதும்.

"நேரில் ஆடினால் எல்லாம் வருகிறது, ஆன்லைனில் வரவில்லை"

வைஃபையில் ஆடுகிறீர்கள் என்றால் முதலில் கேபிள் போடுங்கள். டிவியில் ஆடினால் கேம் மோடை இயக்குங்கள், அதிலேயே கணிசமான தாமதம் போய்விடும். அப்படியும் எதிராளியின் அசைவு வெட்டி வெட்டித் தெரிந்தால், அந்த ஆட்டத்தில் விஃப் பார்த்துத் தண்டிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அடியின் முதல் சில ஃப்ரேமே உங்கள் திரைக்கு வராமல் போகலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஜாப், முன்கூட்டிப் போடும் குனிந்த மீடியம் பஞ்ச், நடந்து பிளாக், தூரத்திலிருந்து ஹடோக்கென் என்று ஆடி முடித்துவிட்டு, அடுத்து நல்ல இணைப்புள்ள ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.